சவரப் பிடிக்கு எந்தப் பூச்சு?



நம்ம மாவட்டத்தில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் அதிகம் விற்கிறோம். அதே மரம் நல்லாக் காய்ந்தபின் கெட்டியாக நிற்கும், லேசில் வளையாது. கடைசல் பிடித்தால் அழகான கைப்பிடி கிடைக்கும். இப்போது பிளாஸ்டிக் வேண்டாம் என்று மரப்பிடி போட்ட சவர ரேசரைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிடி தினமும் வெந்நீரிலும் சோப்பிலும் நனையும். பூச்சு சரியில்லை என்றால் பிடி வெடிக்கும், கறுக்கும். குழுவின் பெயரும் அதோடு போய்விடும்.

அம்பாசமுத்திரம் மரச்செப்புச் சாமான் பார்த்திருப்பீர்கள். கடைசலில் சுற்றும்போதே அரக்கை வைத்து அழுத்த, அந்தச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுச் சாமானுக்கு அருமையான பூச்சு. சவரப் பிடிக்கு ஆகாது. அரக்கு வெந்நீரில் இளகும், சவரத்துக்குப் பின் போடும் ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் கரையும்.

வார்னிஷ் பளபளப்பாக இருக்கும். ஆனால் அது மேலே ஒரு தோல் மாதிரிதான். ஒரு இடத்தில் கீறினால் தண்ணீர் உள்ளே இறங்கி, தோல் உரியும். அப்புறம் முழுவதும் சுரண்டித்தான் மறுபடி அடிக்கணும்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் காயாது. பிசுபிசுத்து, சிக்கு வாடை வரும்.

ஆளிவிதை எண்ணெய் அப்படியில்லை. மரத்துக்குள் இறங்கி, காற்றுப் பட்டு இறுகும். பெயிண்ட் கடையில் காய்ச்சிய எண்ணெய் கிடைக்கும். சீக்கிரம் காய மருந்து சேர்த்திருப்பதால் அதைச் சோற்றுக் கரண்டிக்குப் போடாதீர்கள்.

முதலில் பிடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பும் சிலும்பை உப்புத்தாளால் தேயுங்கள். எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாளாவது காயவிட்டு மறுபடி தடவுங்கள். மூன்று, நான்கு தடவை வேண்டும். தண்ணீரை அதிகம் குடிப்பது மரத்தின் நுனியும் திருகு போகும் துளையும்தான். அங்கே விட்டுவிடக் கூடாது. பிறகு மங்கினால் வாங்கியவரே வீட்டில் ஒரு தடவை தடவிக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். நம்ம பக்கத்தில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறோம், வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறோம். அந்த வீட்டுக்குள் இந்தத் துணி ஒரு ராத்திரிகூடக் கிடக்கக் கூடாது. உடனே தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடுங்கள். இல்லையென்றால் வெளியே, எதுவும் பற்றாத வெறுந்தரையில், மடிப்பில்லாமல் ஒவ்வொன்றாக விரித்து, விறைப்பாகும்வரை காயவிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கரியாகப் போகிற மரத்தைக் கைப்பிடியாக்கினால் நமக்கு நாலு காசு கூடக் கிடைக்கும். அதைப் பத்திரமாகச் செய்வோம்.