சாதியில்லை என்று சொல்லச் சர்க்கார் உத்தரவு வேண்டுமா?

(திருப்பத்தூர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குக் குறிக்கப்பட்டிருக்கும் விஷயம் தனி மனிதனுடைய உரிமையும் அதற்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பும் என்பதாகும். பெயரைக் கேட்டவுடன், இது வக்கீல்களுடைய சங்கதி, நமக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். பிரெஞ்சு தேசத்தார் 1789-ல் என்ன பிரகடனம் செய்தார்கள், ஐக்கிய நாடுகள் சபையார் 1948-ல் என்ன எழுதினார்கள் என்பதைப் பற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. உங்கள் ஊர்த் தாலூகா ஆபீசைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். அங்கு நடந்த ஒரு காரியத்தை வெளியூர்க்காரர்களெல்லாம் பேசிக்கொண்டிருக்க, உள்ளூர்க்காரராகிய நீங்கள் அதன் அருமையை அறியாமலிருக்கலாமா?

இவ்வூர் வழக்கறிஞர் தோழர் ம.ஆ.சினேகா அவர்கள் 2019-ம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி திருப்பத்தூர் தாசில்தாரிடமிருந்து ஒரு சர்டிபிகேட் பெற்றார். எந்தச் சாதியையும் எந்த மதத்தையும் சேர்ந்தவரல்ல என்பதே அதன் சாரம். இந்தியாவிலேயே இப்படிப்பட்ட சர்டிபிகேட் இதுதான் முதலாவது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதற்கு அவர் முதலில் மனுச் செய்தது 2010-ல். மனு தள்ளப்பட்டது. 2017-ல் மறுபடியும் கேட்டார். அதிகாரிகள் அவருடைய பள்ளிக்கூட, கல்லூரித் தஸ்தாவேஜுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, சாதி, மதம் என்னும் கட்டங்கள் ஆரம்ப முதலே வெறுமையாயிருப்பதைக் கண்ட பிறகே கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்குச் சாதியை ஒட்ட ஒன்பது நிமிஷம்கூட வேண்டியதில்லை. ஒட்டாமலிருந்ததை ஒட்டவில்லை என்று எழுதி வாங்க ஒன்பது வருஷம்! (சிரிப்பு)

சிரிப்பதற்கு மாத்திரமல்ல, யோசிப்பதற்கும் இதில் விஷயமிருக்கிறது. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் சாதி, மதம் இல்லையென்று எழுதவோ, கட்டத்தை வெறுமையாக விடவோ பெற்றோருக்கு உரிமையுண்டு என்று தமிழ்நாடு சர்க்கார் 1973-லேயே உத்தரவு போட்டார்கள். 2000-த்தில் மறுபடியும் போட்டார்கள். இந்த உத்தரவுகளை அறிந்த தலைமையாசிரியர்கள் எத்தனை பேர்? அறிந்தும் பெற்றோரிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்? உரிமை காகிதத்திலிருந்து, அது இன்னாருக்கு இருக்கிறது என்பது அந்த இன்னாருக்கே தெரியாவிட்டால், பெட்டிக்குள் பூட்டி வைத்த விளக்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, தோழர் சினேகா பெற்றதோடு வழி திறந்துவிட்டதென்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். இதே திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மற்றொருவர் அதே சர்டிபிகேட்டைக் கேட்டபோது கிடைக்கவில்லை. அவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். 2024-ல் ஒரு நீதிபதி, இப்படிச் சர்டிபிகேட் கொடுக்கத் தாசில்தாருக்குச் சர்க்கார் அதிகாரம் அளிக்கவில்லை, கொடுத்தால் சொத்து, வாரிசு முதலிய விஷயங்களில் எந்தச் சட்டம் பொருந்தும் என்னும் சிக்கல்கள் கிளம்பும், ஆதலால் முடியாது என்றார். அவர் அப்பீல் செய்தார். 2025 ஜூனில் இரண்டு நீதிபதிகள் அதை மாற்றி, அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது, எந்த மதத்தையும் சாராமலிருப்பதும் அதில் அடக்கம் என்ற கருத்தின்மேல், அவருக்குச் சர்டிபிகேட் கொடுக்கும்படியும், இனிக் கேட்பவர்களுக்கும் கொடுக்கும்படி பொது உத்தரவு போடும்படியும் தீர்ப்பளித்தார்கள். மதம் இல்லை என்று சொல்லும் ஒருவனை ஏதாவதொரு மதத்தைச் சொல்லும்படி சர்க்கார் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் ஹைகோர்ட்டும் 2014-லேயே சொல்லியிருக்கிறது.

இங்கே ஒருவர் கேட்கக்கூடும்: "சாதி இல்லையென்றால் சும்மா இருந்துவிட்டுப் போகிறதுதானே? இல்லாத ஒன்றுக்குச் சர்டிபிகேட் எதற்கு?" நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் சும்மா இருந்தாலும் சட்டம் சும்மா இருப்பதில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தைப் பாருங்கள். அது கடவுளை நம்புகிறவனுக்கும் கோயிலுக்குப் போகிறவனுக்கும் மாத்திரம் எழுதியதல்ல. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, "எனக்கு மதமில்லை" என்று சொல்லிவிட்டு ஒருவன் செத்தால், அவன் வீட்டையும் நிலத்தையும் இந்துவின் வீடாகவும் நிலமாகவும் கருதியே சட்டம் பங்கு போடும். உயிரோடிருக்கையில் இல்லை என்றவனைச் செத்த பிறகு இந்துவாக்குவது என்ன நியாயம்? முதல் நீதிபதி எழுப்பிய சிக்கல் பொய்யான சிக்கல் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் மதமற்றவர்களுக்கென்று ஒழுங்கான வாரிசுச் சட்டம் செய்வதே தவிர, மதமற்றவன் என்று ஒருவன் இருக்கவே கூடாது என்பதா? செருப்பு சேராவிட்டால் காலை வெட்டுவார்களா?

சட்டம் எப்போதும் பின்னால்தான் வரும் என்பதற்கு நமது சுயமரியாதைத் திருமணமே சாட்சி. 1928 முதல் நம் தோழர்கள் புரோகிதனில்லாமல் மணம் செய்து கொண்டார்கள். சென்னை ஹைகோர்ட்டு 1953-ல் அது செல்லாது என்றது. அதனால் திருமணங்கள் நின்றுவிடவில்லை. 1967-ல் அண்ணா அவர்களின் ஆட்சியில் செய்த சட்டம், முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கிற்று. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு, அதற்கு ஊரைக்கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றது. கோர்ட்டு அனுமதிக்கட்டும், பிறகு வாழ்வோம் என்று அந்தத் தம்பதிகள் காத்திருந்தால் நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். இக்கூட்டத்துக்கு ஜவ்வாது மலையிலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறார்கள். புதூர்நாட்டுக்காரரிடமும் நெல்லிவாசல்நாட்டுக்காரரிடமும் போய், "சாதி சர்டிபிகேட்டைக் கிழித்துப் போடுங்கள், அதுதான் பகுத்தறிவு" என்று நாம் சொல்லலாமா? சொன்னால் அது அறிவீனம் மாத்திரமல்ல, அயோக்கியத்தனமுமாகும். மலையாளி என்று எழுதிய பழங்குடிச் சர்டிபிகேட் அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் சாவி, உத்தியோகத்தின் சாவி. அதைத் தாசில்தார்கூடக் கொடுக்க முடியாது, கோட்டாட்சியரிடம் போகவேண்டும். ஒரு மலைக்கு உண்டு, இன்னொரு மலைக்கு இல்லை என்ற வேடிக்கையும் அதில் இருக்கிறது. பழைய வட ஆற்காடு ஜில்லாவின் பெயர் மலையாளிகளுக்குரிய பட்டியலில் இருப்பதால் ஜவ்வாது மலைக்காரர் பழங்குடி. ஈரோட்டுப் பக்கத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளியோ, அந்த ஜில்லா பட்டியலில் இல்லாத காரணத்தால் வெகுகாலமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்.

ஆகவே ஒருவருக்குச் சாதியில்லை என்ற காகிதம் உரிமை, மற்றவருக்கு இன்ன வகுப்பு என்ற காகிதம் உரிமை. இது முரண்பாடல்லவா என்று பத்திரிகைப் பண்டிதர்கள் கேட்கிறார்கள். முரண்பாடு ஒன்றுமில்லை. நோய் இல்லாதவன் மருந்துச் சீட்டு வேண்டாமென்பதும், நோயாளி வேண்டுமென்பதும் முரண்பாடா? சாதியை வைத்து ஆயிரம் வருஷம் பிடுங்கியதைச் சாதியைச் சொல்லாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தனி மனித உரிமை என்ற பெயரைக் கண்டு நாம் மயங்கிவிடக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பாடமிருக்கிறது. சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவை ஒழித்தது எது? தனி மனித உரிமைதான். 1950-ல் செண்பகம் துரைராஜன் என்னும் பார்ப்பன அம்மையார், தம் உரிமைக்குப் பங்கம் வந்துவிட்டதாகக் கோர்ட்டுக்குப் போனார். வைத்தியக் கல்லூரியில் இடம் கேட்டு அவர் மனுக்கூடப் போடவில்லை! 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைச் செல்லாததாக்கிற்று. பெரியார் அவர்களும் தமிழ்நாட்டு மக்களும் கிளர்ச்சி செய்ததன்மேல் அவ்வருஷமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15-வது பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. ஆகவே எந்த உரிமையைப் பற்றியும் நாம் கேட்க வேண்டியது, இதை இவர் அனுபவிப்பதால் யார் தட்டில் குறைகிறது என்பதே. தோழர் சினேகாவின் சர்டிபிகேட்டால் யாருடைய தட்டிலும் ஒரு பருக்கை குறையவில்லை. "எல்லோரும் சாதியில்லை என்று எழுதிவிடுங்கள், இடஒதுக்கீட்டை எடுத்துவிடலாம்" என்று அதையே காட்டிப் பேசுகிறவர்களோ, சர்டிபிகேட் இல்லாமலே சாதியின் லாபத்தை அனுபவிக்கிறவர்கள். பெயருக்குப் பின்னிருந்த வாலை வெட்டிவிட்டுக் கல்யாண விளம்பரத்தில் கோத்திரம் கேட்கிறவர்களிடம் ஜாக்கிரதையாயிருங்கள்.

மலைத் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன இந்து வாரிசுச் சட்டம், மத்திய சர்க்கார் தனியாக அறிவித்தாலொழியப் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. பெண்ணுக்குச் சமபங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் இந்தியா முழுவதற்கும் செய்த திருத்தங்கள் அந்தச் சட்டத்துக்குள் இருப்பதால், அவை மலையேறி வரவில்லை. கீழே மதம் வேண்டாமென்றவனை இழுத்து உள்ளே போட்ட அதே சட்டம், மேலே பங்கு வேண்டுமென்ற பெண்ணை வெளியே நிறுத்திவிட்டது. இருவரிடமும் உனக்கு எது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2025 ஜூலை 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு பழங்குடிக் குடும்பத்து வழக்கில், பெண்ணுக்குப் பங்கில்லை என்னும் வழக்கம் இருப்பதாக ருசுவாகாதபோது அவளுக்குச் சமபங்கு உண்டு என்றது. வழக்கம் இருந்தால்? "எங்கள் வழக்கம்" என்பது ஒரு கூட்டத்தின் உரிமை. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒருத்தியின் வாயை அடைக்க அதை உபயோகித்தால் நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கோயில் தெருவில் நடக்கக் கூடாதென்றவர்களும் வழக்கத்தைத்தானே காட்டினார்கள்?

சர்டிபிகேட்டினால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. வயது வந்த இருவர் மணம் செய்து கொள்ளக் குடும்பத்தாருடைய சம்மதமோ சாதியாருடைய சம்மதமோ தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் சொல்லியாயிற்று. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்னும் வாலிபரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றவர்கள் எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்த்து வெட்டவில்லை.

ஆகையால் நாம் கேட்டுக் கொள்வது இவ்வளவே. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, சலுகை தேவையில்லாதவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். தேவையுள்ளவர்கள் வெட்கப்படாமல் எழுதி, உரிய சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். சாதியற்றவர் என்ற சர்டிபிகேட் வேண்டுவோர் மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த எழுத்தில்லாமல் கோர்ட்டிலும் வேலையில்லை. இக்கூட்டம் முடிந்தபின் மனு எழுதத் தெரியாத தோழர்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்தால், கூட இருந்து எழுதிக் கொடுக்கத் தயாராயிருக்கிறோம். கேள்வியிருந்தால் இப்போதே கேட்கலாம்.