பாட்டுக்கும் பட்டா வேண்டும்



1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் கறுப்பின இளைஞர்கள் தொடங்கிய ராப், அரக்கோணத்துப் பிள்ளை அறிவின் கைக்கு வந்ததும் ஒப்பாரியோடு கலந்தது. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்; தமிழகம் திரும்பியபோது ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்.

அந்தப் பாட்டுக்கு ஊர் உலகமே ஆடியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் பாடகி தீ இருந்தார். பாட்டை எழுதி, அவரோடு சேர்ந்து பாடிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது.

உழுதவருக்குப் பட்டா இல்லை. எழுதியவருக்கு அட்டை இல்லை. இரண்டும் ஒரே கணக்குதான்.

ஆகவே தோழர்களே, பாட்டுக்கு ஆடுங்கள். கூடவே, எழுதியவரின் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள்.