வளைவுக்கு முன்னால் பிரேக்



ஏற்காடு ஏரிக்கரையில் கிளம்பி, மலையைச் சுற்றிவிட்டுத் திரும்ப ஏரிக்கரைக்கே வந்து சேரும் 32 கிலோமீட்டர் சாலை ஒன்று உண்டு. அந்தச் சாலையில்தான் எங்கள் ஊர் கொட்டச்சேடு இருக்கிறது. காப்பித் தோட்டங்கள், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், தேக்குக் காடு. அங்கே நான் முதன்முதலில் ஓட்டிப் பழகியது தோட்டத்து ஜீப். பழக்கிவிட்ட டிரைவர் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. வளைவுக்குள்ள போயி பிரேக்கத் தேடாத."

பல வருஷம் கழித்து, பந்தயக் கார் ஓட்டும் ஆசையில் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். எடுத்த எடுப்பில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் நாள் பெரும்பகுதி பிரேக்கிலேயே கழிந்தது. நேர்ப்பாதையில் வேகமாக வந்து, குறித்த இடத்தில் அழுத்தி, வேகத்தைக் குறைத்த பிறகே வளைவுக்குள் நுழைய வேண்டும். அண்ணன் சொன்னதேதான்.

காரணம் டயரில் இருக்கிறது. எவ்வளவு பெரிய காராக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பது, திருப்புவது, வேகமெடுப்பது மூன்றும் அந்த உள்ளங்கையின் பிடிப்பைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாவற்றையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்த வண்டி 80-இல் வந்தால், பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். இரண்டு மடங்கு போதும் என்று மனசு சொல்லும். அதை நம்பக் கூடாது.

அடுத்து கண். புதிதாக ஓட்டுபவரின் பார்வை காரின் மூக்குக்கு முன்னாலேயே நின்றுவிடும். பார்வை போகும் இடத்துக்குத்தான் கையும் போகும். அதனால் வளைவின் முடிவைத் தேடிப் பார்க்கப் பழக்குகிறார்கள். எனக்கு இதுதான் கடைசிவரை கடினமாக இருந்தது.

இப்படி முறையாகக் கற்பது தெரியாதவர்களுக்கு மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1977-இல் பொங்கலன்று பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பேர்பெற்ற ராலி வீரர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையும் 1992-இல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பாடம் கற்றார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

அதே கோவையின் கரிவர்தனை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். மாருதி 800 என்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார் அவர். பணக்காரர்கள் மட்டுமே ஆடிய ஆட்டத்தில் மற்றவர்களுக்கும் ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார் இடம் கொடுத்தது. நரேனும் அதில் ஓட்டியவர்தான். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்குக் கரி என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சென்னைப் பக்கம், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் தனித் தடமே அமைந்தது.

இதையெல்லாம் நான் சொல்ல வந்ததற்குக் காரணம் எங்கள் மலை. சேலத்து அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனை நிமிஷத்தில் ஏறினோம் என்று கணக்குப் பார்க்கும் தம்பிகள் பெருகிவிட்டார்கள். பந்தயத் தடத்தில் வளைவை எடுக்கும் முறை இதுதான்: வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வர வேண்டும். சாலையின் முழு அகலமும் ஓட்டுபவருக்கே சொந்தம். எதிரே யாரும் வரமாட்டார்கள். ஆபத்து என்றால் மார்ஷல் மஞ்சள் கொடி காட்டுவார். மலைச் சாலையில் அந்த முழு அகலத்தை எடுத்தால், பாதி எதிரே வரும் பஸ்ஸின் வழி. மூடுபனியில் அந்த பஸ் தெரியாது. மழையில் உதிர்ந்து ஊறிய இலை வழுக்கும். கொடி காட்ட அங்கே யாரும் நிற்பதில்லை.

வேகம் பிடிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அதே ஆசைதான். சின்னப் பந்தய வண்டி ஓட்டும் கார்ட்டிங்கில் தொடங்குங்கள். சேலத்திலிருந்து செட்டிபாளையம் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கி, சொல்லிக்கொடுக்க ஒருவரை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டுங்கள். எங்கள் மலைக்கு வரும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.