கூட்டத்தில் ஒரு முகம்



மயூர் விஹாரில் நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் கணவர் இறந்துவிட்டார். மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே படம். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் எடுத்தது. அவருக்குப் பின்னால் பெருங்கூட்டம். தலைக்கு மேலே கலர் பல்பு.

அக்காவும் நானும் போட்டோ கடைக்குப் போனோம். படத்தைக் கத்தரியால் வெட்டவில்லை. அதன் நகலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்.

இதற்குப் போட்டோஷாப் என்ற மென்பொருள் இருக்கிறது. 1990-இல் வந்தது. ஆளைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். கோட்டுக்கு வெளியே உள்ளதை மறைக்க வேண்டும். சட்டையும் தோளும் சுலபம். தலைமுடிதான் கஷ்டம். படத்தைப் பெரிதாக்கி, மெதுவாக வேலை செய்ய வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டரே தானாகப் பிரித்தது. காதும், பின்னால் நின்றவர் கன்னமும் ஒரே நிறம். காது போய்விட்டது! "ஐயோ, இது அவர் இல்லை" என்று அக்கா பதறினார். ஆனால் காது அழியவில்லை. மறைந்துதான் இருந்தது. கையால் கோடு போட்டதும் திரும்பி வந்தது.

இதே முறையில் ஒருவர் முகத்தை வேறு இடத்திலும் ஒட்டலாம். எனவே படத்தைப் பார்த்ததும் நம்பாதீர்கள். விசாரியுங்கள். பழைய படத்தை மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

கடைசியில், படத்தின் கீழே பெயர் வேண்டும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அக்கா பேனாவை வாங்கினார். இத்தனை வருடம் வாயால் சொல்லாத கணவர் பெயரைத் தன் கையால் எழுதினார்.