எண்ணெயிலும் வருணாசிரமமா?

(மரக்காணம் உப்பளப் பகுதியில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பெட்ரோலைப் பற்றிப் பேசப் போகிறோமென்று தலைவர் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்குப் பெட்ரோலைப் பற்றி என்ன கவலை என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் காரில்லாதவனுக்கும் மூக்கு இருக்கின்றதல்லவா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவன் புதுச்சேரி போய்ச் சேர்ந்து விடுகிறான். அவன் விட்ட புகை உங்களிடம் தங்கி விடுகின்றது. ஆகவே எண்ணெயின் யோக்கியதையைக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

நீங்கள் வாரும் உப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். அயோடின் சேராத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாதென்று 2006-ம் வருஷம் முதல் கட்டுப்பாடு வந்தது. காரணமென்ன? அயோடின் குறைந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி குன்றும் என்பதே. நல்லது. ஆனால் அதே மூளையைக் கெடுக்கும் ஈயம் ஏறக்குறைய நூறு வருஷ காலம் பெட்ரோலில் கலந்து விற்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியுமா?

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சோதனைச் சாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் கொஞ்சம் கலந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று கண்டார். ஈயம் விஷமென்பது அன்றே தெரிந்த சங்கதி. 1924-ல் நியூ ஜெர்சியில் அத்திரவம் செய்யுமிடத்தில் தொழிலாளர்கள் பித்துப் பிடித்துப் பிதற்றி ஐந்து பேர் மாண்டார்கள். அப்படியிருந்தும் வியாபாரம் நின்றதா? இல்லை. கடைசியாக அல்ஜீரியா தேசத்தில் கார்களுக்கு அதை விற்பது நின்றது 2021-ல்தான்!

ஈயப் புகையைச் சுவாசித்த பிள்ளைக்குப் புத்தி மங்கும். மங்கிய பிள்ளையைப் பார்த்து நம் ஜனங்கள் சொன்னதென்ன? தாய், “தலையெழுத்து” என்றாள். ஜோசியன், “கிரகக் கோளாறு” என்றான். படித்தவனோ, “இந்தச் சாதிக்குப் படிப்பு ஏறாது” என்றான். எல்லாப் பிள்ளைகளின் மந்தத்துக்கும் ஈயமே காரணமென்று சொல்ல நாம் வரவில்லை. காரணத்தைத் தேடாமல் பிரம்மன் தலையில் போட்டுவிட்டுத் தூங்கினோமே, அதைத்தான் கேட்கின்றோம். பிரம்மன் எழுதியதை ஒருவராலும் அழிக்க முடியாது என்கின்றார்கள். எண்ணெய் வியாபாரி எழுதிய இந்த எழுத்தையோ ஒரு சட்டம் அழித்தது. அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் குறையக் குறையப் பிள்ளைகளின் இரத்தத்திலும் ஈயம் குறைந்ததை அளந்தே பார்த்திருக்கின்றார்கள். சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கிய எந்த எலுமிச்சம்பழமாவது இக்காரியத்தைச் செய்ததா?

நிற்க. நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1995 ஏப்ரல் முதல் தேதி ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. எங்கே? டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பட்டணங்களில். யாருக்காக? புகையைச் சுத்தப்படுத்தும் கருவி பொருத்திய புதுக் கார்களுக்காக. ஈயம் பட்டால் அக்கருவி கெட்டுவிடுமாம்! நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரி முதல் தேதியில்தான். கருவி கெடுமென்றவுடன் பதறினார்கள். பட்டிக்காட்டுப் பிள்ளை ஐந்து வருஷம் காத்திருந்தது.

ஈயத்தோடு முடிந்ததா? டீசலில் கந்தகம் உண்டு. அதிகமானால் மார்பைக் கெடுக்கும் புகையும் அதிகமாகும். 2010-ல், சென்னை உள்பட 13 நகரங்களில் பத்து லட்சம் பங்கு டீசலில் கந்தகம் 50 பங்குக்கு மேல் கூடாது என்றார்கள். மற்ற இடங்களில் 350 பங்கு வரை இருக்கலாமாம்! இடையிடையே சில ஊர்களைச் சேர்த்துக் கொண்டே வந்து, நாடு முழுவதற்கும் 50 என்று ஆனது 2017 ஏப்ரலில்.

ஆலைகளைத் திருத்தப் பணமும் காலமும் வேண்டாமா, பட்டணத்தில்தானே வண்டிகள் அதிகம் என்று கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் காத்திருக்கும் முறை எப்போதும் ஒரே பக்கத்துக்கே வருவானேன்? தேநீர்க் கடையில் இரண்டு குவளை வைத்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? இதற்கு வருணாசிரமம் என்றல்லாமல் வேறென்ன பெயர்?

கடல் கடந்தும் இதே கதைதான். ஐரோப்பாவில் 2009 முதல் கந்தகம் 10 பங்குக்கு மேல் கூடாது. ஆனால் ஆம்ஸ்டர்டாம், ஆண்ட்வெர்ப் துறைமுகங்களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய எண்ணெயோ வேறு. அதில் ஐரோப்பிய அளவைப்போல் முந்நூறு மடங்குக்கு மேலும் கந்தகம் இருந்ததை ஸ்விட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்ற சங்கத்தார் 2016-ல் வெளியிட்டார்கள். அது திருட்டு வியாபாரமல்ல. இறக்குமதி செய்யும் நாடுகளின் சட்டமே அவ்வளவுக்கு இடம் கொடுத்திருந்தது. கானா தேசத்தார் விழித்துக்கொண்டு, 2017-ல் இறக்குமதியாகும் டீசலுக்கு 50 பங்குதான் என்று விதித்தார்கள். அதாவது, வாங்குகிறவன் ‘கூடாது’ என்று சொல்லுகிற வரையில் விற்கிறவன் மட்டமானதையே தள்ளுவான்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பட்டணமென்றும் பட்டிக்காடென்றும் பாராமல் எங்கும் 10 பங்கு என்று ஆகியிருக்கின்றது. இது எந்த ஆண்டவன் அருளுமல்ல. வக்கீல் எம். சி. மேத்தா 1985-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்குப் போன்ற முயற்சிகளும், விஞ்ஞானிகளின் உழைப்பும், கேட்டவர்களின் பிடிவாதமுமே காரணம்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது. எஞ்சினுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ எண்ணெய் வாங்குகிறவர்கள் பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பெட்ரோலை ஒரு சொட்டு விடுங்கள். கறையில்லாமல் ஆவியாகிப் போனால் சரி. கறை தங்கினால் கலப்படமென்று சந்தேகிக்கலாம். உடனே புகார் எழுதுங்கள். ஆயுத பூஜைக்கு வாங்கும் கற்பூரப் பணத்தில் எஞ்சினைப் பழுது பாருங்கள். இனி எந்தச் சுகாதார விதி வந்தாலும், “பட்டணத்துக்கு என்றைக்கு, எங்களுக்கு என்றைக்கு?” என்று முதலில் கேளுங்கள். இரண்டும் ஒரே தேதியானால்தான் அது சட்டம். இல்லாவிட்டால் அது மனுதர்மமே.