இரண்டாவது அடி

என் சித்தி திருச்சியில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி விடியற்காலை. மணி ஐந்து இருக்கும். வாசல் தெளித்துவிட்டுக் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பைக் வந்து நின்றது. விலாசம் கேட்பவன்போல இறங்கி வந்தவன், கழுத்துச் சங்கிலியில் கை வைத்து இழுத்தான். சித்தியின் கைக்கு எட்டியது பக்கத்தில் இருந்த இரும்பு வாளி. வீசினார். அவன் படியில் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். சித்தி இன்னொரு முறை வீசினார்.

எல்லாம் பத்து வினாடிகூட இருக்காது. தெரு கூடிவிட்டது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையில் தையல் போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். இருபது வயதுப் பையன். சித்தியின் கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு. வாசலில் பாதிக் கோலத்தின் மேல் ரத்தம் சொட்டி, கோலமாவு குழைந்து கிடந்தது.

ஊரே சித்தியை மெச்சியது. வந்தவர்கள் எல்லாம் 'வீராங்கனை' என்றார்கள். சித்தி மட்டும் வாய் திறக்கவில்லை. சோற்றில் கை வைத்தால் கை நடுங்கியது. அந்தப் படியைத் தினமும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு ராத்திரி என்னிடம் கேட்டார்: "முதல் அடியிலேயே விழுந்துட்டானே, ரெண்டாவது அடி எதுக்குடி அடிச்சேன்?"

அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். தன்னையோ தன் பிள்ளையையோ காப்பாற்றிக்கொள்ளக் கை ஓங்கிய பலருக்குள் இந்தக் கேள்வி இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். தற்காப்பு உரிமையை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். நம் உடலையும் உடைமையையும் மட்டுமல்ல, அடுத்தவரின் உடலையும் உடைமையையும் காக்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. காத்துக்கொள்ளத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தொடங்கும்போது உடலைக் காக்கும் உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கிறது. ஓடிப்போகிறவனைத் துரத்திப் பழிதீர்க்க அது இடம் தராது.

ஆகவே சித்தியின் கேள்வி அர்த்தமில்லாத கேள்வி அல்ல. சட்டமே கேட்கிற கேள்விதான். ஆனால் சட்டம் அதைக் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். 2010இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாக ஆராய்ந்தது. தாக்கப்படுகிற மனிதர் கணக்குப் போட்டு, படிப்படியாகத் தன் பலத்தை அளந்து அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றது. நீதிமன்றம் காட்டும் இந்தப் பரிவை நம் மனசு நமக்குக் காட்டுவதில்லை.

ஏன்? ஆபத்து நேரத்தில் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது. கண் எதிரியின் கையை மட்டும் பார்க்கும், சுற்றி இருப்பது மறையும். பக்கத்தில் போடும் சத்தம்கூடக் காதில் விழாமல் போகலாம். யோசிக்க அவகாசம் இல்லாமல் கை முந்திக்கொள்கிறது. பிறகு நினைவு துண்டு துண்டாகத்தான் திரும்பி வருகிறது. அந்தத் துண்டுகளை ராத்திரி முழுக்க அடுக்கிப் பார்த்து நாமே நம்மை விசாரிக்கிறோம்.

அந்த விசாரணையில் ஒரு பெரிய கோளாறு உண்டு. 1975இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 1814இல் பிரிட்டிஷாருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த மோதலைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். முடிவை ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ அதுவே நடக்க அதிக வாய்ப்பு இருந்தது என்று அந்தந்தக் குழு நினைத்தது. முடிவு தெரிந்துவிட்டால், அது தெரியாமல் இருந்த நேரத்தை நம்மால் சரியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

சித்தியிடம் நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அன்னிக்கு என்ன பார்த்தீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன். வாளியின் கைப்பிடி ஈரமாக இருந்தது, சங்கிலி அவன் விரலில் சுற்றியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "விழுந்தவன் இடுப்புல கை வச்சான். கத்தியை எடுக்கறான்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்புறம் பார்த்தா செல்போன்தான் இருந்துச்சு."

இத்தனை நாளும் அந்த செல்போன்தான் சித்தியை விசாரித்துக்கொண்டிருந்தது. இருட்டில், அந்த ஒரு நொடியில், அது செல்போன் என்று அவருக்குத் தெரியாது.

நேயர்களே, இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவசரப்பட்டுப் பாராட்டாதீர்கள். 'வீராங்கனை' என்று சொன்னதுமே, அழ நினைத்தவர் அழுகையை விழுங்கிவிடுகிறார். 'அவனுக்கு நல்லா வேணும்' என்பதும் அவருக்கு உதவாது. அவர் மனசு உறுத்துவதே அவனையும் ஒரு தாயின் பிள்ளையாகப் பார்ப்பதால்தான். அந்த ஈரம் நல்ல ஈரம், அதைக் காயவிட வேண்டாம். குறுக்கே பேசாமல் கேளுங்கள். தூக்கம் வராமல், அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து வாரக்கணக்கில் வாட்டினால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இரவிலும் அழைக்கலாம்.

அடுத்த மார்கழியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அதே வாசல். இந்த முறை தெருவிளக்கு எரிந்தது, சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சித்தி புள்ளி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "பாவம்தான்டி அந்தப் பையன். ஆனா எனக்கு அன்னிக்கு வேற வழி தெரியல."

சொல்லிவிட்டுக் கோலத்தை முழுதாகப் போட்டு முடித்தார்.