கோட்டைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்



செஞ்சிக் கோட்டை என்று பேச்செடுத்தால் தேசிங்கு ராஜாவின் குதிரையில்தான் போய் நிற்போம். இன்று ஒரு நாள் அந்தக் குதிரை லாயத்திலேயே இருக்கட்டும். கோட்டைக்குள் குடியிருந்தவர்கள் குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். அதிலிருந்து நம் வீட்டு அடுப்படிக்கும் தெருவுக்கும் வருவோம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். பார்த்தால் வெறும் பாறை. மழை பெய்தால் ஒரு நாழிகை நிற்காமல் வழிந்து ஓடிவிடுகிற இடம். அங்கே போய் ஒரு ஊரையே குடியமர்த்தினார்கள். எப்படி முடிந்தது?

இப்போதும் போனால் விடையைக் கண்ணால் பார்க்கலாம். மலைமேல் சுனைகள். கீழே செட்டிக்குளம், சக்கரக்குளம், யானைக்குளம். பாறையில் விழுந்து வழிகிற மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும்படி வெட்டி, கல்லால் கட்டிய குளங்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்குச் சுட்ட மண் குழாய்கள் வழியாகத் தண்ணீர் வந்தது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும் என்ற ஒரு விதியை நம்பியே அந்த வேலை நடந்தது. பக்கத்திலேயே தடித்த சுவரோடு பெரிய நெற்களஞ்சியம்.

1690-ல் மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே இருந்தவர் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான். கோட்டை விழுந்தது 1698-ல். இடைப்பட்ட வருடங்கள் முழுக்க முற்றுகை ஒரே இறுக்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தளர்ந்த காலமும் உண்டு. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து உதவி வந்த காலமும் உண்டு. ஆனாலும் குளத்தில் தண்ணீரும் களஞ்சியத்தில் நெல்லும் இல்லாத கோட்டையில் யாரும் அத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

கோட்டையில் இருந்தவனுக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு செலவாகிறது, மிச்சம் எங்கே போகிறது என்ற கணக்கு. நம் வீட்டில் அந்தக் கணக்கு இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர், பையைக் கட்டித் தெருமுனையில் வைத்தால் குப்பை காலி. எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று கேட்பதை விட்டுவிட்டோம். நீடித்து வாழ்வது, சுற்றுச்சூழலைக் காப்பது என்றெல்லாம் பெரிய வார்த்தைகளில் சொல்வதைச் சின்னதாகச் சொன்னால், இந்த இரண்டு கேள்வியையும் மறுபடி கேட்க ஆரம்பிப்பதுதான்.

முதலில் தண்ணீர்.

செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உங்கள் வீட்டு மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் அதன்மேல் மட்டும் விழுகிற தண்ணீர் சுமார் 93,000 லிட்டர். ஆவியானது, சிந்தியது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 74,000 லிட்டர் கைக்கு நிற்கும். கிராமங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினோரு மாதம் வரும். இத்தனையும் நம் தலைக்கு மேலேயே விழுந்து, தெருச் சாக்கடையில் கலந்து போகிறது.

அத்தனையையும் தொட்டி கட்டிச் சேர்க்க யாராலும் முடியாது. அதற்குத்தான் நிலம் இருக்கிறது. 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது நிறைய வீடுகளில் குழாய் இறக்கினோம், குழி எடுத்தோம், ஜல்லியும் மணலும் போட்டோம். அதற்குப் பிறகு அந்தக் குழியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மண் மூடிப்போன குழியில் தண்ணீர் இறங்காது. ஆகவே ஐப்பசிக்கு முன்னால், புரட்டாசியிலேயே, மூன்று வேலை. மாடியைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழியில் உள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்து அலசிவிட்டு மறுபடி போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அது மாடியைக் கழுவுகிற மழை. அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள்.

மழை வரும்போது எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல். செஞ்சியிலிருந்து தென்கிழக்கே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. வருட மழையில் பாதி ஒரே நாளில்! அப்படிப்பட்ட நாளில் மாடிக் குழி மட்டும் காப்பாற்றாது. ஏரியும் அதன் வரத்து வாய்க்காலும் சரியாக இருக்க வேண்டும். ஏரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்குள் சின்னச் சின்னதாகப் போகிற தண்ணீர் ஒன்று இருக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாய், ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். ஒரு குடத்துக்கும் அதிகம். குழாய்க்கு உள்ளே இருக்கும் வாஷரை மாற்றச் சில ரூபாய்கள் போதும். அரிசி களைந்த நீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். மாடு இல்லாத வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள். குளியலறைத் தண்ணீரை வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிடுங்கள். சோப்பு நுரை அதிகம் உள்ள தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு மட்டும் விடாதீர்கள்.

அடுத்தது குப்பை. இங்கேதான் நாம் நம்மை ரொம்பவே ஏமாற்றிக்கொள்கிறோம்.

நம் ஊர்களில் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கும் குப்பை. காய்கறித் தோல், மீந்த சோறு, வாழையிலை, பூ. இதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால், மக்குவதும் கெட்டது, கவரும் கெட்டது. பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் தன் கையால் அதைப் பிரித்துக் கொட்ட வேண்டும். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று நாமே கொடுத்துவிட்டால் அவருக்கு அந்த இழிநிலை வராது. ஊசி, பிளேடு, பழைய பேட்டரி, உடைந்த டியூப்லைட் இவற்றைத் தனியாகப் பொட்டலம் கட்டி, என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, அடையாளம் தெரியும்படி கொடுங்கள்.

மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கலாம். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட ஒரு மண் தொட்டி போதும். ஒரு பிடி காய்கறிக் கழிவு போட்டால் ஒரு பிடி காய்ந்த சருகு போடுங்கள். வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் சருகு போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். மல்லாட்டைத் தோல் கிடைக்கிற ஊர் நம்முடையது. சருகுக்குப் பதில் அதையும் நொறுக்கிப் போடலாம்.

தயவுசெய்து குப்பையைக் கொளுத்தாதீர்கள். மார்கழிக் காலையில் தெருவில் சருகோடு பிளாஸ்டிக் கவரையும் சேர்த்துக் கொளுத்திக் குளிர் காய்கிறோம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் கை நீட்டி உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைதான். கரும்புச் சோகையைக் கொளுத்துகிற விவசாயிகளுக்கும் இதையே சொல்வேன். பாருக்கு நடுவே சோகையைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், களை குறையும், பிறகு அதுவே மண்ணுக்கு உரமாகும்.

குப்பை எங்கே போகிறது என்று கேட்டோமே, அதற்கு நம் ஊர் ஆறு விடை சொல்கிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஆறு சங்கராபரணி. வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் சொல்கிறோம். இங்கிருந்து வீடூர் அணை, அங்கிருந்து திருவக்கரை, வில்லியனூர், கடைசியில் புதுச்சேரிக்குத் தெற்கே கடல். ஊசுட்டேரிக்கும் வாய்க்கால் வழியாக இந்தத் தண்ணீர் போகிறது. செஞ்சியில் வாய்க்காலில் எறிந்த கவர், மழைக்காலம் வந்தால் வீடூர் அணையில் போய் நிற்கும். நாம் வெளியே போட்டது இன்னொரு ஊருக்கு உள்ளே போகிறது.

அடுப்படிக்கு ஒரு வரி. பருப்பை ஊறவைத்து, குக்கரில் மூடி போட்டு வேகவையுங்கள், கேஸ் மிச்சம். பழைய 60 வாட் குண்டு பல்பு இன்னும் எரிகிறது என்றால் 9 வாட் எல்.இ.டி. போடுங்கள். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் குறையும், வெளிச்சம் குறையாது.

இதுவரை சொன்னது ஒரு வீடு தனியாகச் செய்யக்கூடியது. ஒரு வீட்டால் முடியாதது நிறைய இருக்கிறது. கோட்டைக் குளத்தையும் ஒரு குடும்பம் வெட்டவில்லை.

நம் ஊர் விசேஷங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம். செஞ்சி வழியாக எத்தனை பேருந்து போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. வழி நெடுக அன்னதானம் போடுகிறார்கள், நல்ல மனசு. அந்த அன்னத்தைப் பிளாஸ்டிக் பூசிய தட்டில் போடாமல் வாழையிலையில், தையல் இலையில், தொன்னையில் போட்டால் புண்ணியம் முழுதாக இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடையில் இருக்கிறது. தூக்குப்பை, பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமும் தொடங்கியது. தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் இல்லை. அதைக் குறைப்பது நம் கையில். கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு பாட்டில் வைப்பதைக் கௌரவம் என்று நினைக்கிறோம். எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் வைத்தால் யார் கௌரவம் குறைந்துவிடப் போகிறது? தெருவுக்கு ஒரு செட் டம்ளர், தட்டு, அண்டா வாங்கி மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுத்து வையுங்கள். விசேஷ வீட்டார் வாடகை கொடுத்து எடுக்கட்டும். குழுவுக்கும் வருமானம்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும் வாரச்சந்தைக்கும் வருகிறவர்கள் பையோடு வாருங்கள். இறைச்சிக்கும் மீனுக்கும் தூக்குவாளி. கடைக்காரர் கவர் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்வது சங்கடமாக இருந்தால், பாத்திரத்தை முதலில் நீட்டிவிடுங்கள்.

கோட்டைக்கு வருகிற கூட்டமும் கூடப்போகிறது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலவமைப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்முடையது. மலை ஏறுகிறவர்கள் கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டு இறங்குங்கள். குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். அது கவரையும் சேர்த்துக் கடிக்கிறது, பிறகு மனிதன் கையில் எது இருந்தாலும் பறிக்கப் பழகிவிடுகிறது.

இப்போது ஏரி. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரிகள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோழர் காலத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுப்படி, ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வாரியம் இருந்தது. உறுப்பினரைக் குடவோலை முறையில் ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுத்தார்கள். ஊர் தன் ஏரிக்குப் பொறுப்பாக இருந்தது. இன்று வரத்து வாய்க்காலில் குப்பை கொட்டியும், கட்டடம் கட்டியும் அடைத்துவிட்டு, ஏரி நிரம்பவில்லை என்று மழையைக் குறை சொல்கிறோம். வண்டல் மண்ணை நிலத்துக்கு எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கலாம். ஏரியும் ஆழமாகும், நிலமும் தேறும். மதகு, கலங்கல், கரை மூன்றையும் மழைக்கு முன் ஊரோடு போய்ப் பார்த்து வாருங்கள். பள்ளிக்கூடத்துப் பசுமைப்படைப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். எந்த வாய்க்கால் எந்த ஏரிக்கு என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

எங்கே போய்க் கேட்பது என்றால், இடம் இருக்கிறது. கிராமங்களில் வருடத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று எழுந்து நின்று, நம் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால் எது, அதில் எங்கே அடைப்பு, எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். செஞ்சிப் பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் காகிதத்தோடு போய், என்ன ஆயிற்று என்று மறுபடி கேளுங்கள். கேட்க ஒரு ஆள் தொடர்ந்து வருகிறார் என்று தெரிந்தால்தான் வாய்க்காலுக்கு மண்வெட்டி வரும்.